புடக்குகை கொடுத்தது

டாண்டலம் இன்னும் கொழும்புத் துறைமுகத்தில்.
டொலர் இல்லை, பத்திரம் இல்லை,
கையெழுத்து வைக்க வேண்டியவர் லீவில்.
ஆறு வாரமாக "விரைவில்" என்ற ஒரே சொல்லை
மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹந்தானையில் மழை.
ஆய்வுகூட ஜன்னலை இறுக்கிச் சாத்தினாலும்
சட்டத்து இடுக்கால் நுழைகிறது மூட்டம்.
ஒரு இரவு வெளியே வைத்தால் போதும்,
வில்லையின் மேல் வெள்ளையாய்த் தோல் படரும்.
உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன்.
மறுநாள் மறுபடி.

கோமேதகத்தின் எலும்பு இது என்றேன் ஃபஸ்மினாவிடம்.
அவள் மாமா மாத்தளையில் கல் பார்க்கிறவர்.
"அப்ப விக்கலாமா?"
விற்க முடியாது.
சுண்ணாம்புக் கட்டி போலத்தான் இருக்கும்;
உள்ளடுக்கு மட்டும் அதே உறவு.
தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பதில்
பற்றரிக்குள் ஒரு கல்லை வைத்து
அதன் வழியே லித்தியத்தை நடத்திப் போவது,
அதற்குத்தான் இத்தனையும்.

ஆனால் தூய்மையாய்ச் சுட்டால் அது நடக்காது.
ஒவ்வொரு லித்தியமும் தன் இடத்தில் அமர்ந்துவிடும்,
காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி:
எல்லாரும் ஆஜர், ஒருவரும் அசைவதில்லை.
வேற்றுலோகம் ஒன்று வர வேண்டும்.
ஒரு அலுமினியம் வந்து உட்கார்ந்தால்
மூன்று லித்தியம் எழுந்து போக வேண்டும்,
மின்னேற்றக் கணக்கு அப்படி.
மிஞ்சுவது இரண்டு காலி இருக்கை.
பாதை என்பது அவ்வளவுதான்.

டாண்டலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு.
அதுதான் துறைமுகத்தில் கிடக்கிறதே.

சும்மா இருக்க முடியாமல்
ஒன்றும் சேர்க்காத வில்லை மூன்று அழுத்தினோம்,
ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஆகும் என்று.
சுற்றிப் புதைக்கத் தாய்த்தூள் போதவில்லை;
அடி வில்லை புடக்குகையின் சுவரில் சாய்ந்தே கிடந்தது.
ஆயிரத்து நூற்றெண்பது பாகை.
ஒன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
விமலசூரிய டோர்ச்சோடு வந்து
உலையைத் தொடாமல், நோயாளியைப் பார்ப்பது போல் பார்த்து
"இவரய்" என்றார். முடிந்தது.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
விடிந்தபின் ஏன் மறுபடி ஏற்றினேன், தெரியாது.
பன்னிரண்டு மணிநேரம் என்பது இருபதாகிவிட்டது.

எக்ஸ்-கதிரில்,
இரண்டாய்ப் பிளந்து நிற்க வேண்டிய சிகரங்கள்
ஒன்றாய் நின்றன.
"வில்லை மாறிப்போச்சு" என்றாள் ஃபஸ்மினா.
பென்சிலால் போட்ட எண்ணைப் பார்த்தோம். மாறவில்லை.
மின்தடையின் அரைவட்டம்
நூறில் ஒன்றாய்ச் சுருங்கிக் கிடந்தது,
நாய்க்குட்டி மாதிரி, மூலையில்.

யார் கொடுத்தது?
தராசுக் கரண்டி, அம்மி, அச்சு என்று
வீட்டில் திருட்டுப் போனவள் போல் தேடினேன்.
கடைசியில் புடக்குகையைக் கவிழ்த்து
உட்சுவரில் விரல் ஓட்டினேன்.
அலுமினா. மழமழவென்று இருந்தது
அடி வில்லை சாய்ந்த இடத்தில் மட்டும்
பூனை நாக்காய்ச் சொரசொரத்தது.

அறிக்கையில் "மாசு" என்று எழுதினேன்.
பேராசிரியர் சிவப்பால் சுழித்து
"மாசூட்டல்" ஆக்கினார்.
வேண்டாமல் வந்தது மாசு,
வந்தது உதவிவிட்டால் ஊட்டல்.
நாங்கள் ஊட்டவில்லையே சேர் என்றேன்.
சிரித்தார். திருத்தத்தை அழிக்கவில்லை.

அலுமினியம் அமர்ந்த தளத்துக்கு
இருபத்துநாலு டி என்று விலாசம்.
பண்டாரவளைக்கு மேலே என் அம்மாவின் லயத்துக்கு
இன்றும் கதவிலக்கம் கிடையாது;
கடிதம் தொழிற்சாலை மேசைக்கு வந்து
யாராவது பார்க்கும்வரை கிடக்கும்.
இதை எழுத அறிக்கையில் இடமில்லை.

வெள்ளிக்கிழமை டாண்டலம் வந்தது.
நெளிந்த பெட்டி, நான்கு முத்திரை.
ஃபஸ்மினா கத்தரிக்கோலை நீட்டினாள்.
இரு, என்றேன்.
அதே புடக்குகை, அதே சுவர், இன்னொரு முறை.
கரண்ட் போக வேண்டிய நேரத்துக்கு
உலையை நானே நிறுத்த வேண்டும்.
ஒன்று ஐம்பது.
அலாரம் வைத்தேன்.