சூடு ஆறுவதற்குள்

நாரின் நகரில் ஜனவரி.
உப்புநீர்க் குப்பியை என் உள்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.
குளிர்ந்துவிட்டால் அது நீந்தாது.
நீந்தாவிட்டால்
எனக்கும் அது தெரியாது.

அய்ஜார்கின் மூன்றாம் முறை வந்திருக்கிறாள்.
மேசைமேல் எடுத்து வைக்கிறாள்:
சந்தையில் வாங்கிய களிம்பு,
நாத்தனார் கொடுத்த பாதி அட்டை மாத்திரை,
ஒரு பொட்டலம் சோடா மாவு.
"எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு"
என்று சுவரிடம் சொல்கிறாள்.
அரிப்பென்றால் பூஞ்சைதானாம்.

பூஞ்சையை எனக்குத் தெரியும்.
திரிந்த பால்போல் கட்டிகட்டியாக, வாடையில்லாமல் வரும்.
லென்ஸுக்கடியில்
ஆற்றங்கரை வில்லோக் கொம்புபோல் மொட்டுவிட்டுக் கிளைக்கும்.
களிம்புக்கு அடங்கும்.

போன வாரம் வந்த ஆசிரியைக்கு அரிப்பே இல்லை.
மீன் வாடை மட்டும்.
கடலையே பார்க்காத ஊரில்
அவள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூசினாள்.
செல்களின் ஓரமெல்லாம் மங்கி
மணல் ஒட்டிய ரொட்டிபோல் இருந்தன.
நாளுக்கு மூன்று வேளை
சோப்புப் போட்டு உள்ளேவரை கழுவியிருக்கிறாள்.
காவலிருந்த நல்ல கிருமிகளும்
தண்ணீரோடு போயிருக்கும்.
மருத்துவர் மாத்திரை எழுதினார்.
நான் சோப்பை நிறுத்தச் சொன்னேன்.
அதற்குத்தான் அழுதாள்.

அய்ஜார்கினின் மஞ்சள் தாள் பச்சையாகிறது.
களிம்பு ஏன் தோற்றதென்று பாதி புரிகிறது.
தகட்டை உள்ளங்கைச் சூட்டில் ஏந்தி
ஓடுகிறேன், நான்கே எட்டு.

அதோ.
பேரிக்காய் உருவம்,
நுனியில் சவுக்கு,
வெட்டி வெட்டித் துடிக்கிறது.

"நான் பார்க்கலாமா?"
பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன்.
நெடுநேரம் குனிந்திருக்கிறாள்.

"எப்போது வந்தது இது?"

மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும்,
ஆணிடமும் பெண்ணிடமும்.
யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று
கண்ணாடி சொல்லாது.
இதையே சொல்கிறேன்.
அவள் விரல்விட்டு எண்ணுகிறாள்:
நோவோசிபிர்ஸ்க் கட்டட வேலையிலிருந்து
தெமிர்பெக் வந்தது அக்டோபர்,
அதற்குமுன் மே.
பிறகு எண்ணுவதை விட்டுவிடுகிறாள்.

மருந்துச்சீட்டு இரண்டு.
"அவருக்குமா?"
அவருக்கும். வலியே இல்லாவிட்டாலும்.
இருவரும் முடிக்கும்வரை...
நான் தயங்க, அவளே முடிக்கிறாள்:
"தனிப் படுக்கை. அது பழகினதுதான்."

களிம்பையும் சோடா மாவையும்
என் குப்பைக்கூடையில் போடுகிறாள்.
பாதி அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப்
பைக்குள் வைத்துக்கொள்கிறாள்.
"நாத்தனாருக்கும் இதே அரிப்புதான். அதனால்தானே இது அவளிடம் இருந்தது.
நாளைக்குக் கூட்டி வரேன்."

கதவு திறந்ததும் பனி உள்ளே வருகிறது.
குப்பியை மறுபடி
உள்சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன்.