இருநூற்று நாற்பது இலைகள்

மாப்பிள்ளை கேட்டது இலையுதிர் காலம்.
கைப்பேசியில் காட்டினார்:
ஏதோ ஒரு குளிர்நாட்டுச் சாலை,
துருப்பிடித்த நிறத்தில் மரங்கள்,
நடுவே மேலங்கிக்குள் இருவர்.
'இதே மாதிரி, ஐப்பசிலயே வேணும்ணே.'

ஐப்பசியில் நீடாமங்கலத்தில்
மழை உதிரும். வேறென்ன உதிரும்?
முன்நடவு வயல்கள் பச்சை பிடித்துக்
கண்ணைக் கூசுகின்றன.
பூவரசுகூடத் தன் பழுப்பை
யாரும் பார்க்காதபோதுதான் போடும்.

திருச்சியில் சொல்லிவைத்து வாங்கினேன்
நைலான் துணியில் வெட்டிய இலைகள்,
ஐந்து விரல் உள்ளவை, இருநூற்று நாற்பது.
என் சொந்தக் காசு.
யூசுப் எண்ணி எண்ணிச் சாக்கில் போட்டான்.

மூணாறு தலைப்பில் எடுக்கலாம் என்றேன்.
பெண்ணின் அம்மா கேட்டார்,
'ஆறு பிரியிற எடத்துலயா?'
அதற்குமேல் பேச்சில்லை.
கோரையாற்றங்கரைக்கு வண்டியைத் திருப்பினோம்.

தையல்நாயகி, இளம்பரிதி.
இதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள்,
இரண்டு முறையும் நடுவில் கேசரி இருந்திருக்கிறது.
'கிட்ட வாங்க' என்றேன்.
வந்தார்கள், ரேஷன் வரிசையில் வருவதுபோல.
'கண்ணைப் பாருங்க.'
அவர் அவள் நெற்றியைப் பார்த்தார்,
அவள் என் கையிலிருந்த லென்ஸ் மூடியை.
யூசுப் வரப்பில் ஏறி
சாக்கையே தலைகீழாய் உதறினான்.

அந்த நேரம் பார்த்து வாடை,
மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று.
என் இலையுதிர் காலம் முழுவதும்
எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி,
பவுனம்மாவின் தாளடி வயலில் இறங்கியது.

நட்டுக்கொண்டிருந்த ஏழு பேரும் நிமிர்ந்தார்கள்.
பவுனம்மா ஒன்றை எடுத்து
முகர்ந்து பார்த்தாள்.
'எந்த மரத்துக் குப்பைடா இது?
வாசமும் இல்ல, நரம்பும் இல்ல.
மக்குமா?'
மக்காது என்றேன்.
'அப்ப பொறுக்கு.'

நான் கழுத்திலிருந்து கேமராவை எடுப்பதற்குள்
பரிதி ஷூவைக் கழற்றிவிட்டார்.
'கோட்டு வாடகை சார்!' யூசுப் கத்தினான்.
தாம்பரத்தில் வளர்ந்த கால்;
முதல் எட்டிலேயே முழங்கால் வரை சேறு.
தையல்நாயகி கவுனை இழுத்துச் செருகிக்கொண்டு
பின்னால் இறங்கினாள்.
'குதிகாலை வைக்காதீங்க.
விரலை விடுங்க, அப்பறம் மிச்சத்த.
நாத்து, நாத்து, பாத்து!'
அவர் விரலை விட்டார்.
வழுக்கினார்.
பிடித்தது அவள் முழங்கையை.
கிட்ட வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

குனிந்து பொறுக்கிக்கொண்டே போனார்கள்.
காற்று எனக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தது:
'மன்னார்குடி வேலைய நான் விடமாட்டேன்.'
'விடச் சொன்னது யாரு?'
'உங்கப்பா.'
பிறகு கொஞ்சம் நீரின் சத்தம்.
பிறகு அவர்,
'எங்கப்பாவையா கட்டிக்கப் போறீங்க?'
அவள் சிரித்த சிரிப்பில்
மடையோரக் கொக்கு ஒன்று இடம் மாறியது.

என் கை கேமராவுக்குப் போனது.
போய், உறையை இழுத்து மூடியது.
மழைக்காகத்தான் என்று யூசுப்பிடம் சொன்னேன்.
அதுவரை ஒரு சொட்டுகூட விழவில்லை.

மோட்டார் கொட்டகையில் நனைந்து நின்று எண்ணினோம்.
இருநூற்று முப்பத்தொன்பது.

ஆல்பத்துக்குப் போனவை
நெற்றியும் மூடியும் பார்த்த படங்கள்தான்.
பின்னால் இருந்த பச்சையை எல்லாம்
கணினியில் யூசுப் சிவப்பாக்கினான்.
இரண்டு வீட்டாருக்கும் ரொம்பப் பிடித்தது.

கல்யாணம் முடிந்து
கார்த்திகைக் கடைசி, களையெடுப்பு நாள்.
ஸ்டுடியோ படியில் பவுனம்மா.
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்:
ஒரு துணி இலை,
சேறு காய்ந்து, சாயம் போய்,
ஒரு விரல் மட்டும் நூல் பிரிந்து.
'இந்தா ஒன்னோடது.
பேங்குக்குக் கேக்குறாங்க,
எனக்கொரு பாஸ்போர்ட்டு படம் எடு.'

ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
நிமிருங்க என்று நான் சொல்லுமுன்
நிமிர்ந்திருந்தாள்.
காசு நான் கேட்கவில்லை.
அவள் கொடுக்கவும் இல்லை.