பதினெட்டு கிலோவுக்குள்

முதல் வரைபடத்தில் அந்தப் பெட்டி
இருபத்தொரு கிலோ.
அலைபேசிக் கோபுரத்தின் உச்சியில் மாட்டும் ரேடியோ.
கனாட்டாவில் ஜன்னலோர மேசையில்
ஒற்றை விரலால் திரையில் அதைச் சுழற்றியபடி
மற்றக் கையால் சோறு தின்றேன்.
திரையில் எதற்கும் எடை இல்லை.

பதினெட்டைத் தாண்டினால்
ஏற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும்,
இரண்டு ஆளென்றால் இரண்டு சம்பளம் என்று
வாங்குபவர்கள் எழுதியிருந்தார்கள்.
மூன்று கிலோவைத் தேடத் தொடங்கினேன்,
வீட்டுக்குள் தொலைந்த சாவியைத் தேடுவதுபோல,
பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து.

தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால்
எடை பாதி.
விறைப்போ எட்டில் ஒன்று.
கெஞ்சினால் இளகுகிற கணக்கில்லை இது.
ஆனால் மேசையில் நிற்கமாட்டாத விசிட்டிங் கார்டு
நடுவில் ஒரு மடிப்பு விழுந்ததும்
எழுந்து நின்றுவிடுகிறது.
அதனால் தடிப்பைக் கைவிட்டு
மடிப்பைப் பிடித்தேன்.
மூடியின் உள்ளே விலா எலும்புகள்,
இடையில் வெறும் தோல்.
இருபத்தாறு திருகாணியில் எட்டைப் பிடுங்கினேன்.
வெப்பத் துடுப்புகளில் மட்டும் கை வைக்கவில்லை.
எடையில் பாதியைத் தின்றுவிட்டு
அவை காற்று வாங்கிக்கொண்டு நின்றன.
கைப்பிடியை ஒடுக்கினேன்.
முகப்பில் புடைத்திருந்த கம்பெனிப் பெயர்
என் கண்ணில் படவேயில்லை.

பதினேழு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.
அன்றைக்கு வேளையோடு வீட்டுக்குப் போனேன்.

அதிர்வுச் சோதனை அறையில் ஒலேனா
காதுக்குள் பஞ்சை அடைத்தபடி
மேசையை முடுக்கினாள்.
முப்பது ஹெர்ட்ஸ், அறுபது, தொண்ணூறு.
அதுவரை மேசைதான் ஆடியது.
நூற்றுப்பத்தில்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
பெட்டி திடுக்கிட்டது.
பிறகு அது தானாகவே பாடத் தொடங்கிவிட்டது,
ஒரு மணி, இரண்டு மணி.
மூன்றாவது மணியில் ஒலேனா டார்ச்சை அடித்து
"இங்கே" என்றாள்.

தலைமயிர் அளவு விரிசல்.
கைப்பிடியின் அடியில், உள்மூலையில்,
கத்தியால் வெட்டியதுபோல் நான் நேராக வரைந்து
அழகு பார்த்த இடத்தில்.
ஓடிவரும் விசையைச்
சட்டென்று செங்கோணத்தில் திரும்பச் சொன்னால்
அது திரும்பாது,
சுவரைப் பிளந்துகொண்டு போகும்.
மூலையை நான்கு மில்லிமீட்டர் வளைத்தேன்.
பன்னிரண்டு கிராம் கூடியது.
பன்னிரண்டே கிராம்.
அடுத்த முறை பெட்டி
எட்டு மணி நேரம் பாடியும் உடையவில்லை.

பெப்ரவரியில் ஆர்ன்ப்ரயருக்குப் போனோம்.
கழித்தல் இருபத்துநான்கு.
சோளத்தட்டை மட்டும் குத்திட்டு நிற்கும் வயலில்
ஒரு கோபுரம், ஒரு ட்ரக்,
ஏறப்போகிற ரெஜான்.
என் கைப்பிடிக்குள் விரலைவிட்டுப் பார்த்தான்.
கையுறை நுழையவில்லை.
முகம் சுளிக்கவில்லை அவன்.
கயிற்றை எடுத்துத் துடுப்புகளைச் சுற்றி
முடிச்சுப் போட்டான்,
எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு முடிச்சு.
அவன் இடுப்பில் எட்டுக் கிலோ கருவி,
பூட்ஸில் உறைந்த சேறு,
இரண்டு மேலங்கி.
என் அட்டவணையில் இவற்றுக்கு வரிசை இல்லை.
அண்ணாந்து பார்த்தேன்.
அவன் சிறுத்துக்கொண்டே போனான்.
பெட்டி கயிற்றில் சுழன்றது, நான்
திரையில் சுழற்றிய அதே பக்கமாக.

திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமலே
வரைபடத்தைத் திறந்தேன்.
கையுறை நுழையும் கைப்பிடிக்கு
அறுபது கிராம் வேண்டும்.
என்னிடம் இருந்தது இருபத்தெட்டு.
விலாவில் எடுக்க முடியாது.
திருகாணியில் முடியாது.
வளைத்த மூலையைத் தொடவே மாட்டேன்.

அப்போதுதான் முகப்பைப் பார்த்தேன்.
கம்பெனிப் பெயர், புடைத்த எழுத்தில்,
முப்பத்தைந்து கிராம்.
நூற்றுப்பது மீட்டர் உயரத்தில்
அதை வாசிக்க ஒரு காக்கையும் வராது.
அழித்தேன்.
நாளைக்கு மேலே இருந்து யாராவது கேட்பார்கள்.
அது எந்த விசையையும் தாங்கவில்லை என்பேன்.

மீதி மூன்று கிராம்.
அதை யாருக்கும் சொல்லவில்லை.