உரிமைக்கோரல் எண் ஏழு

'இருக்கையில் அமர்ந்திருக்கும் நபர்' என்று
பேட்டண்டில் போட்டிருக்கிறது.
பெயர் இல்லை.
நான்தான் அது.

பாயான் லெப்பாஸில், இரண்டாம் ஷிப்டில்,
உறை தைக்காத காடி இருக்கையில்
நாளுக்கு நானூறு தடவை
உட்கார்ந்து எழுந்தேன்.
மாதம் எழுநூற்று இருபது வெள்ளி, பஸ் இலவசம்.
நுரைக்கு அடியில் ஒரு படலம்,
படலத்துக்குள் கறுப்பு மைக் கோடுகள்.
மேலே இருப்பது அரிசி மூட்டையா ஆளா என்று
அதற்குப் பழக்க வேண்டும்.
மூட்டைக்கு ஒரு மூட்டை வைத்திருந்தார்கள்.
ஆளுக்கு என்னை.

ஐம்பத்தொரு கிலோ.
முதல் நாள் நிறுத்து
அட்டையில் மார்க்கரால் எழுதியதோடு சரி.

அக்டோபரில் வரைபடம் ஏறத் தொடங்கியது.
கொஞ்சம் கொஞ்சமாக, பால் பொங்குவதற்கு முன்னால் போல.
மை இளகுகிறது என்றார் எஞ்சினியர் ஊய் பெங் கியாட்.
ஈரம் என்றார். ஏர்கோனைக் கூட்டினார்.
படலத்தை நான்கு தடவை மாற்றினார்.
அவர் பார்த்ததெல்லாம் திரையைத்தான்.
நான் அங்கியை ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
ஒப்பந்த வேலை. வாயைத் திறந்தால் வேறு ஆள்.

டிசம்பரில் ஒரு சூத்திரம் எழுதினார்:
மெல்ல ஏறும் எடை பிழை,
அதைக் கழித்துவிடு.
வரைபடம் படுத்துக்கொண்டது.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நானும்.

அந்தச் சூத்திரம் யாருடையது என்று
பதினாலு வருஷம் கழித்து
ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் இரண்டு கம்பெனி.
ஓசாக்காக்காரர்கள் ஜனவரியில் பதிந்தார்களாம்.
"அதற்கு முன்பே இருந்தது என்கிறீர்கள்.
தேதி எப்படி இவ்வளவு உறுதி?"
குறுக்கு விசாரணையில் வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

பையிலிருந்து கிளினிக் புத்தகத்தை எடுத்தேன்.
இளஞ்சிவப்பு அட்டை, மூலையில் மைலோ கறை.
ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலரை.
டிசம்பர் ஒன்பது: ஐம்பத்தேழு.
பக்கத்தில் நர்ஸின் கிறுக்கல்: குழந்தை அசைகிறது.

ஆட்சேபம் என்று ஒருவர் எழுந்தார்.
நீதிபதி இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து
விளக்குக்கு நேரே பிடித்தார்.
ஏற்றம் ஏற்றத்தின்மேல் உட்கார்ந்தது.

வராந்தாவில் ஊய் நின்றிருந்தார், தலை முழுக்க வெள்ளை.
திரை இல்லாமல் அவர் என்னைப் பார்த்தது அப்போதுதான்.
"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, பவழவல்லி."
"சொல்லியிருந்தால் சம்பளம்?"
தலையை ஆட்டினார். அது ஆமாமா, இல்லையா தெரியவில்லை.

கண்டுபிடித்தவர்கள் என்று மூன்று பெயர் இருக்கிறது.
தீர்ப்பு மார்ச்சில்.
யார் ஜெயித்தாலும் அந்த மூன்று மாறாது.

பேருந்து நிலையத்துக்கு கிராப் பிடித்தேன்.
சாட்சிக் கோப்பைப் பக்கத்து இருக்கையில் போட்டேன்.
கிளம்பியதும் கீச் கீச் என்று அலறத் தொடங்கியது காடி.
"அக்கா, பக்கத்தில் யாரு?
பெல்ட் போடச் சொல்லுங்க."

தூக்கி மடியில் வைத்தால் நின்றுவிடும்.
எனக்குத் தெரியும்.
பெல்ட்டை இழுத்து
அதற்கு மாட்டினேன்.