சோற்று ஆவி

மூன்றாம் தரம் வெள்ளையடித்தும்
கட்டில் தலைமாட்டில் அதே கறை.
ஓரம் கறுத்து, நடு மஞ்சளாய்,
தேத்தண்ணி கொட்டிக் காய்ந்ததுபோல.

வீட்டுக்காரர் ஃபோகல்சாங் கடிதம் போட்டார்:
நீங்கள் நிறையச் சோறு காய்ச்சுகிறீர்கள்,
யன்னல் திறப்பதில்லை.
நாளைக்கு மூன்று தரம், பத்துப் பத்து நிமிடம்.

இஸர்லோனில் மாசி மாதம். மைனஸ் பதினொன்று.
திறந்தோம்.
சின்னவள் கம்பளிக் கோட்டோடு சாப்பிட்டாள்.
கறை ஒரு சாண் வளர்ந்தது.

புகைபோக்கி துடைக்க வந்தவள் பெயர் ஆன்யா.
கறுப்புச் சட்டை, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்.
தொட்டால் அதிர்ஷ்டமாம்,
கீழ்வீட்டு ரெனாட்டே ஓடிவந்து தோளைத் தொட்டாள்.
நான் அவளைக் கையில் பிடித்து
படுக்கையறைக்கு இழுத்துப் போனேன்.

மோந்தாள். சுரண்டினாள்.
சாந்து, தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கற்றாய் உதிர்ந்தது.
"கொதிகலன் எப்போது மாற்றினார்கள்?"
போன ஐப்பசியில்.
சிக்கனமானது என்று ஃபோகல்சாங்
படியில் நின்று எல்லோருக்கும் சொன்னாரே.

அரைகுறை ஜெர்மனில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
பழையது ஊதாரி. அதன் புகை
கொதிக்கக் கொதிக்க ஓட்டமாய் ஓடி வானத்தில் ஏறியது.
புதியது கஞ்சன். சூட்டையெல்லாம் கறந்துவிட்டு
புகையை வெறுங்கையோடு அனுப்புகிறது.
அகன்ற பழைய குழாய், குளிர்ந்த செங்கல்.
பாதி வழியில் அதற்குக் கால் ஓயும்,
நின்று வியர்க்கும்.
அந்த வியர்வை புளிப்பு.
சுவர் அதைக் குடிக்கும், சாந்தைத் தின்னும்,
எங்கள் தலையணைப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

வெள்ளையடிப்பு வீண் என்றாள்.
உள்ளே ஒடுங்கிய உருக்குக் குழாய் இறக்க வேண்டும்,
அடியில் தண்ணீர் வடிய ஒரு வழி,
உச்சியில் தொப்பி.
ஊறிய சாந்தைக் கொத்தி எடுக்க வேண்டும்.
வருடா வருடம் யாராவது உள்ளே பார்க்க வேண்டும்.
எல்லாவற்றையும் படிவத்தில் எழுதினாள்.
கடைசி வரியை எனக்காக மெதுவாய் வாசித்தாள்:
காரணம், சமையல் அல்ல.

பங்குனியில் கூரையிலிருந்து குழாய் இறங்கியது.
சுவருக்குள்ளே ஒரு ரயில்
நிலவறைக்குப் போய்ச் சேர்ந்ததுபோல் சத்தம்.
ஃபோகல்சாங் பார்த்துக்கொண்டு நின்றார்.
நாலாயிரத்து இருநூறு மார்க் என்றார்,
என்னிடம் அல்ல, ஏணியிடம்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு யன்னலெல்லாம் பூட்டி
மூன்று சுண்டு அரிசி போட்டேன்.
கண்ணாடி முழுக்க ஆவி.
இவர், "என்னப்பா, ஆருக்கு இவ்வளவு சோறு?" என்றார்.
ஒரு துளியை விரலில் எடுத்து
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
தண்ணீர்.