ஒரு செம்புத் தண்ணீர்

ஹட்டன் கடையில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டேன்.
குடிக்கத்தான் என்று நினைத்துத் தந்தான் கடைக்காரன்.
கதிரையில் ஊற்றினேன்.

மெத்தை வைத்தது முழுவதையும் குடித்துவிட்டுச்
சும்மா இருந்தது.
எங்கள் மலையில் அது காய
தை பிறக்க வேண்டும்.
பிரம்பு அழகுதான்,
ஆனிக் காற்றுக்கு அழகு தெரியாது.
இரும்பில் உட்கார்ந்தால் மார்கழி
முதுகெலும்பு வழியே ஏறும்.
பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்.
போன வருஷம் வாங்கியது பறந்துபோய்
மரியசூசை வீட்டுத் தகரத்தில் குந்தியிருந்தது.

கடைசியில் அலுமினியக் கால், நைலோன் பட்டி.
ஊற்றிய தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிக்
கடைக்காரன் செருப்புக்குப் போனது.
சாய்ந்து பார்த்தேன்.
இருபத்தாறு வருஷம் கூடை உரசிய இடத்தில்
ஒன்றும் இடிக்கவில்லை.
"இதைக் கட்டு" என்றேன்.

பஸ் கூரையில் வந்திறங்கியது.
அன்றைக்குப் பிடித்த மழை.

ஒன்பது நாள்
வாசலில் அது நனைய
இஸ்தோப்பில் நின்று நான் பார்க்க.
அதற்கு ஒன்றுமில்லை.
எந்த மழைக்கும் தாங்கும் என்று
ரசீதிலேயே எழுதியிருக்கிறான்.

பத்தாம் நாள்
பழைய படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு
போய் உட்கார்ந்தேன்.

கொழுந்துக்காக மட்டும்தானா
நனைவது?