தோளுக்கு மேல் நாலு விரற்கடை

எங்கள் ஊர்ப் பெயருக்குக் குதி என்று அர்த்தம்.
சால்தோ.
நெலிதா பெந்தாங்கூர் அடிக்கிற பந்துக்கு
அது யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வலையைத் தாண்டும்போது சாதுவாகத்தான் வருகிறது.
செங்கல் தூளில் ஒருமுறை முகம் புதைத்து
எழுந்தால்
வேறு பந்து.
அவள் இடதுகைக்காரி.
அடிக்கிற ஒவ்வொன்றும்
என் பேக்ஹேண்ட் பக்கமாகவே முறுக்கி ஏறும்.

எட்டாத பழம் புளிக்கும் என்று விட்டுவிடலாம்.
இது எட்டித் தொலைக்கிறதே.
தோளுக்கு மேல் நாலு விரற்கடை,
மட்டையைத் தூக்கலாம், வீச முடியாது,
மணிக்கட்டு தன் பெயரையே மறந்துபோகிற உயரம்.

முதல் செட்டில் பின்னால் போனேன்.
இன்னும் பின்னால்.
கம்பிவேலி முதுகில் இடித்தது.
அங்கிருந்து நான் அனுப்பிய பந்து
போய்ச் சேர்வதற்குள்
ஒரு சுரைக்குடுவை மாத்தே உறிஞ்சி முடித்திருப்பாள்.
ஆறுக்கு ஒன்று.

சரி, முன்னால் போ,
எழும்பும்போதே அடி என்றது புத்தி.
எழும்பும்போதே அடிப்பது என்றால்
பால் பொங்கும் அந்த ஒரு நொடியில்
அடுப்பை அணைப்பது.
மூன்று முறை அணைத்தேன்.
ஏழு முறை வழிந்தது.

குதித்தும் பார்த்தேன்.
நாற்பத்தாறு வயது முழங்கால்
இறங்கும்போது கணக்குக் கேட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து காலணியைத் தட்டினேன்.
ஒரு கைப்பிடி சிவப்பு.
அப்போது, சம்பந்தமே இல்லாமல்,
இருமல் மருந்து ஞாபகம் வந்தது.

எனக்கு மருந்துக்கடையில் வேலை.
இருமல் மருந்து மேல் தட்டில்.
ஏணியை யாரோ இரவல் வாங்கிப் போய் இரண்டு வருஷம்.
எம்பிப் பிடித்து இழுத்தால்
பத்துப் பெட்டி தலையில் விழும்.
அளவுகோல் நுனியால் மேல் விளிம்பைக்
கீழ்நோக்கி லேசாகச் சீவினால்
ஒன்றே ஒன்று சரிந்து
கைக்கு வரும்.

இரண்டாம் செட். இரண்டுக்கு நான்கு.
பந்து ஏறி வந்தது, அதே திமிரோடு.
மல்லுக்கு நிற்கவில்லை.
மட்டை காதருகே,
மேலிருந்து கீழே
ஒரு சீவல்.

அது தாழப் பறந்து
அவள் பக்கத்துத் தூளில்
நெல்மணி போல நீளமாக ஒரு தடம் வைத்து
எழ மறந்து படுத்துக்கொண்டது.

நெலிதா குனிந்தாள்.
அடுத்ததற்கும் குனிந்தாள்.
ஐந்துக்கு ஐந்து வரை குனிந்துகொண்டே இருந்தாள்,
பிறகு குனியவும் கற்றுக்கொண்டாள்.

தோற்றேன். ஏழுக்கு ஐந்து.
வலைமேல் கைகுலுக்கும்போது
இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்தபடி கேட்டாள்:
அதை எங்கே வைத்திருந்தாய், கிராசியானா?
இருமல் மருந்துக்குப் பக்கத்தில் என்றேன்.
விளங்காமல் சிரித்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறு தேசத்துக்குள்,
சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.
எலிசேயோ பாயை இழுத்துக்கொண்டு தளத்தைச் சுற்றி வந்தான்.
வழிந்த ஏழும், அணைந்த மூன்றும்,
நெல்மணிகளும்
ஒரே சிவப்பு.
நாளைக் காலை எட்டு மணிக்குப்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்களாம்.